விருப்பமில்லை என்று எழுதியவள்

27 ஏப்ரல் 2021, செவ்வாய்
அரியூர், விடுதி

ஈஎன்டி வகுப்பு ஆன்லைனில். கல்லூரி ஜன்னலுக்கு வெளியே தெரிகிறது, நாங்கள் அதே வகுப்பை விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஃபோனில் கேட்கிறோம். நோன்பு நேரத்து வெயில். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

மாலையில் எல்லார் ஃபோனுக்கும் ஒரு கூகுள் ஃபார்ம் வந்தது. மூன்றாம் வருட மருத்துவ மாணவர்கள் கொரோனா பணிக்குத் தன்னார்வலர்களாக வர விருப்பமா? ஆம், இல்லை. இல்லை என்றால் காரணம் எழுத ஒரு கட்டம்.

சுவேதா கேள்வியை முழுதாகப் படிக்கும் முன்பே 'ஆம்' போட்டுவிட்டாள். என் அறைத்தோழி. ஒதியம்பட்டுக்காரி. ஓடுகிற பேருந்தில்கூட யோசிக்காமல் ஏறுகிறவள். மெஸ்ஸில் அதே பேச்சுதான். கவச உடை தருவார்களா, நமக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு, ஊசி போடவே இன்னும் ஒழுங்காகத் தெரியாத நாம் அங்கே போய் என்ன செய்வது என்று ஆளுக்கொன்று. எல்லாம் நியாயமான கேள்விகள்.

நான் 'இல்லை' போட்டேன். காரணம்: அம்மாவுக்கு ஆஸ்துமா.

பொய் இல்லை. அம்மாவுக்கு வீசிங் உண்டு. ஆனால் அம்மாவுக்கு ஒன்றும் இல்லாமலிருந்தால் 'ஆம்' போட்டிருப்பேனா? வேறு காரணம் தேடியிருப்பேன். பயம் என்று எழுதவும் அந்தக் கட்டத்தில் இடம் இருந்தது.

சுவேதா எட்டிப் பார்த்துவிட்டு, "அதுல இன்னாடி இருக்கு, முடியலன்னா முடியல" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.


28 ஏப்ரல், புதன்

விடுதியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அத்தா தவளக்குப்பத்தில் எங்கள் மளிகைக் கடைக்குச் சரக்கு ஏற்றிய வேனிலேயே வந்து என்னை அழைத்துக்கொண்டார். பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் என் மெத்தை. சுவேதா வாசல் வரை வந்து பக்கெட்டைத் தூக்கிக் கொடுத்தாள். அவள் இருக்கிறாள். நான் போகிறேன்.


2 மே, ஞாயிறு
பாகூர்

நான் வந்தது தெருவுக்கே தெரிந்துவிட்டது. காலையில் எதிர்வீட்டு அம்மா கேட் அருகே நின்றுகொண்டு, "நசீரா, உம்பொண்ண ஒரு நிமிஷம் வரச் சொல்லு, இவருக்கு நேத்துலேர்ந்து ஒடம்பு சூடு" என்று கூப்பிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அம்மா, "தூங்கறாக்கா" என்றாள்.

அம்மா நோன்பு வைத்திருக்கிறாள். நோன்போடு பொய் சொன்னாள், எனக்காக.


4 மே, செவ்வாய்

டாக்டர் விஜயராஜ், எங்கள் பக்கத்துச் சுகாதார நிலையத்து மருத்துவ அதிகாரி. இன்று அத்தா கடைக்கு டீத்தூள் வாங்க வந்தவர் என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அத்தா ஃபோனை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

"ஃபைஜா, வீட்டுத் தனிமையில இருக்கறவங்களுக்கு தினமும் ஃபோன் பண்ணி விசாரிக்கணும்மா. காய்ச்சல் இருக்கா, மூச்சு வாங்குதா, ஆக்சிஜன் எவ்ளோ காட்டுதுன்னு. எனக்கு ஆள் இல்ல."

"சார், நான் டாக்டர் இல்ல."

"ஃபோன் பேசத் தெரியுமில்ல? கேட்டு என்கிட்ட சொல்லு, முடிவு நான் எடுக்கறேன்."

ஃபோனில் நோய் ஒட்டாது. சரி என்றேன். தன்னார்வமெல்லாம் இல்லை. மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அம்மா மட்டும், "ஃபோனோட நிக்கணும், ஆமா" என்றாள்.


6 மே, வியாழன்

மொட்டை மாடி அறையில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது. அஸ்பெஸ்டாஸ் கூரை. பகலில் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி.

பலர் ஃபோனை எடுத்ததும் கேட்பது, "ஆஸ்பத்திரிக்குக் கொண்டும்போயிடுவீங்களா?" இல்லை என்றால் பேசுகிறார்கள். ஒருவர் தன் காய்ச்சலை விட்டுவிட்டு மருமகளைப் பற்றிப் பேசினார். ஒருவர் நான் பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று நினைத்துத் திட்டி வைத்துவிட்டார்.

சேலியமேட்டில் குழந்தைவேல் என்று ஒரு பெரியவர். கரும்பு போட்டிருக்கிறார். குரலே கனமான குரல்.

"நீ டாக்டரா?"

"படிச்சிக்கினு இருக்கேன் அய்யா."

"அப்ப பாதி டாக்டர். எனக்கும் பாதி காய்ச்சல்தான். சரியாப் போச்சி."

நாள் முழுக்க அப்போது ஒருமுறைதான் சிரித்தேன்.


7 மே, வெள்ளி

குழந்தைவேல் அய்யாவுக்கு ஆக்சிஜன் 93. கொஞ்சம் நடந்துவிட்டுப் பார்க்கச் சொன்னால், "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துதான் வெச்சேன்" என்கிறார். சுகாதார நிலையத்துத் தனக்கொடி சிஸ்டர் அந்த ஊருக்கு ஒரே ஒரு ஆக்சிமீட்டர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அது வீடு வீடாகச் சுற்றுகிறது.

"எனக்கு ஒன்னும் இல்ல. அவளுக்குத்தான் இருமல். ராவெல்லாம் இருமறா. அவளக் கேளு" என்றார். அவள் என்றது மனைவி தையலம்மாள். அவருடைய பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. பின்னால் ஒரு குரல், "என்னாத்துக்கு அந்தப் பொண்ணாண்ட என் கதைய சொல்லிக்கினு" என்று கேட்டது.


8 மே, சனி

காலையில் 89. பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை நின்று மூச்சு இழுத்தார். டாக்டரிடம் சொன்னேன். உடனே அனுப்பு, 108-க்கு நான் சொல்கிறேன் என்றார்.

அவர் கிளம்பமாட்டேன் என்றார். மாட்டை யார் பார்ப்பது, கரும்புக்குத் தண்ணீர் முறை வருகிறது, அவளை ஒத்தையில் விட்டுவிட்டு எப்படி வருவது? ஒரே மகள் ஜெயசுதா வில்லியனூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். அவளும் தனிமையில்தான் இருக்கிறாளாம். நான் பேசினேன், பேசினேன், பேசிக்கொண்டே இருந்தேன். தொண்டை வறண்டு குரல் உடைந்தது.

"அஞ்சி நாள்ல வந்துடுவீங்க அய்யா."

"நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்."

ஃபோனை விலக்கிவைத்து இருமினார். பிறகு, "சரி. இந்த ஃபோன் அவளாண்டயே இருக்கட்டும். அவளுக்கு வேற ஃபோன் இல்ல" என்றார்.

மதியம் தனக்கொடி சிஸ்டர் சொன்னார்: தானே நடந்து போய் வண்டியில் ஏறினாராம். ஏறும் முன் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டாராம், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

நோன்பு திறக்கும்போது அத்தாவிடம் சொன்னேன். அத்தா, "ஒரு மனுஷன அனுப்பி வெச்சிட்டியே" என்று சந்தோஷப்பட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எழுதிவைக்கிறேன், பெருமையாக இருந்தது.


10 மே, திங்கள்

சுவேதா வீடியோ காலில் வந்தாள். மூக்கின் மேல் முகக்கவசம் பதிந்த தழும்பு. "சாப்டியா" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "தெரில" என்றாள்.


12 மே, புதன்

காலையில் ஃபோனில் 'குழந்தைவேல் சேலியமேடு' என்று பெயர் வந்தது. சொன்ன நாள் இன்றுதான். வந்துவிட்டார் என்றே நினைத்தேன். எடுத்து, "அய்யா, வந்துட்டீங்களா?" என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும். பிறகு தையலம்மாள்.

"வந்துட்டாரு. பையில கட்டி வந்துட்டாரு. மொகத்தக்கூட காட்டலடி எனக்கு. நீ தான சொன்ன? அஞ்சி நாளுன்னு நீ தான சொன்ன? நடந்து போன மனுசன். நடந்து போன மனுசன நீ தான அனுப்பின—"

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவர் வைத்துவிட்டார்.

நான் ஏன் சொன்னேன்? எந்தப் புத்தகத்துல இருக்கு அஞ்சு நாள்னு? யாரு என்னயச் சொல்லச் சொன்னது? அவர் கேட்டப்பவாவது தெரியலன்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா போயிருக்க மாட்டாரு. போவலன்னா வூட்லயே— அது மட்டும் எனக்கு எப்படித் தெரியும்?


13 மே, வியாழன்

நோன்பின் கடைசி நாள். எழுத ஒன்றும் இல்லை.


14 மே, வெள்ளி. பெருநாள்

பள்ளிவாசல் பூட்டியிருக்கிறது. அத்தா கூடத்தில் நின்று தொழவைத்தார், அம்மாவும் நானும் பின்னால். புதுத்துணி இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

தொழுகை முடிந்ததும் டாக்டர் விஜயராஜுக்கு ஃபோன் செய்து இனிமேல் என்னால் முடியாது என்றேன். காரணத்தை அவர் கேட்கவில்லை. தெரிந்திருக்கும். "சரிம்மா. அந்தப் பெரியவருக்கு ரெண்டு நுரையீரலும் போயிடுச்சி. லேட்டாதான் போனாரு. நீ அனுப்பலன்னா வீட்ல, மூச்சு முட்டி..." என்று நிறுத்திக்கொண்டார். "பெருநாள் வாழ்த்துகள்" என்றார்.

அம்மா நிம்மதியாக பிரியாணி செய்தாள். பிறகு நான் தட்டில் கோலம் போடுவதைப் பார்த்துவிட்டு, "அதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்தாள். அத்தா, "நசீரா" என்றார். அதோடு நின்றது.


16 மே, ஞாயிறு

தெரியாத எண். ஒரு பெண். பின்னால் குழந்தை அழுகிறது.

"நான் ஜெயசுதா. குழந்தைவேலோட பொண்ணு."

 திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"நான் திட்டறதுக்குக் கூப்டல. அம்மாவுக்கும் பாசிட்டிவ்னு சொல்லிட்டாங்க. நேத்துலேர்ந்து ஃபோன எடுக்கல. வெளிய நின்னு கூப்ட்டாலும் கொரல் குடுக்கலயாம். அக்கம்பக்கத்துல ஒருத்தரும் கிட்ட போவமாட்டேங்கறாங்க. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி உங்க பேர சொன்னாரு, நம்பர எனக்கும் அனுப்பியிருந்தாரு. எனக்கு வேற யாரையும் தெரியாது. நீங்க ஒருதரம் போய்ப் பாக்கறீங்களா?"

"என்னயப் பாத்தா உங்கம்மாவுக்கு கோவம்தாங்க வரும்."

"வரட்டும். கோவம் வந்தாலாவது எழுந்திரிச்சி உக்காரும்ல?"

அம்மாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை. அரிசி களைந்துகொண்டே, "எனக்கு மூச்சு வாங்குனா நீதான் பாக்கணும். நீயே கொண்டாந்து குடுத்துட்டு நீயே பாப்பியா?" என்றாள். 

அத்தாதான் பேசினார். "நான் தெனமும் கடையத் தொறந்து எத்தினி பேருகிட்ட கைநீட்டிக் காசு வாங்கறேன். நான் கொண்டாராததையா இவ கொண்டாரப் போறா? அந்தப் பொண்ணு கேட்டுடுச்சி நசீரா. கேக்காம இருந்திருந்தா வேற."

அம்மா அரிசியை உலையில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து என் தலையணையையும் போர்வையையும் எடுத்து மாடிப்படியில் வைத்தாள். "போறதுன்னா போ. வந்து மேலயே இரு. கீழ எறங்கக் கூடாது."


17 மே, திங்கள்

டாக்டரிடம் கேட்டேன். தனக்கொடி சிஸ்டரோடு போகச் சொன்னார், கவச உடை கொடுத்தனுப்பினார். அதைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். பாகூர் ஏரிக்கரையில் ஆடு மேய்த்தவர்கூட எழுந்து தள்ளி நின்றார். உள்ளே வியர்வை முதுகில் வழிகிறது. பயம் போகவில்லை. பயம் போனபிறகுதான் போகமுடியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தவறு.

வீடு திறந்துதான் கிடந்தது. தையலம்மாள் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் கட்டிலில் சுருண்டு கிடந்தார். சின்ன உடம்பு. ஃபோனில் கேட்ட குரலுக்கு இவ்வளவு சின்ன உடம்பா?

சிஸ்டர் பேசட்டும், நான் வாய் திறக்கக் கூடாது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன். 88. கை சில்லென்று இருந்ததால் சரியாகக் காட்டவில்லையோ என்று தேய்த்துவிட்டேன். என்னையறியாமல், "நல்லா மூச்ச இழுத்து விடுங்கம்மா" என்றேன்.

கண்ணைத் திறந்தார். என் முகம் அவருக்குத் தெரியாது. கண்ணாடியும் கவசமும்தான் தெரியும்.

"நீ தான அது."

"ஆமாம்மா."

விரலை உருவிக்கொள்வார் என்று நினைத்தேன். உருவவில்லை.

"அஞ்சி நாளுன்னு சொன்ன."

"சொன்னேன். தெரியாமலே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

மாடு தலையை ஆட்டியது, மணி கேட்டது. தனக்கொடி சிஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு எத்தினி நாளு சொல்லப் போற?"

"சொல்ல மாட்டேம்மா. எனக்குத் தெரியாது. இங்கயே இருந்தா மூச்சு இன்னும் கொறையும். அது தெரியும். அங்க ஆக்சிஜன் இருக்கு. அதுவும் தெரியும். வேற ஒன்னும் எனக்குத் தெரியாது."

"அவருக்கும் வெச்சாங்களே, ஆக்சிஜனு."

"ஆமா."

 அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கழித்து, "மாட்டுக்கு யாரு இருக்கா?" என்றார்.

அவரைத் தடுப்பது மாடுதான் என்று தெரிந்தது. அத்தாவுக்கு ஃபோன் போட்டேன். பால் சொசைட்டியில் இருக்கிற அய்யனார் எங்கள் கடைக்கு வருகிறவர், சேலியமேட்டுக்காரர். அத்தா அவரிடம் பேசிவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டார். சொன்னபடியே அய்யனார் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, உள்ளே யாரையும் பார்க்காமல், மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனார். தையலம்மாள் படுத்தபடியே தெருத் திரும்பும்வரை மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி வந்தது. சிஸ்டர் தூக்கப் போனபோது தையலம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவர ஒத்தையிலதான் அனுப்பினேன். ஏத்தி வுட்டுட்டு உள்ள வந்து சோறு வடிச்சேன். திரும்பி வந்துடுவாருன்னு வடிச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ கூட வா."

போனேன்.

வண்டியில் மாஸ்க் வழியே ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது. பேசாதீர்கள் என்று சொல்லியும் கேட்டார். "உன்னாண்ட இன்னா பேசுவாரு?"

பாதி டாக்டர், பாதி காய்ச்சல் என்றதைச் சொன்னேன். பிறகு, "அவரப் பத்திக் கேட்டா உங்களப் பத்திதாம்மா சொல்வாரு. ராவெல்லாம் இருமறா, அவளக் கேளுன்னு" என்றேன்.

சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. இருமலாக முடிந்தது. "தூங்கறாருன்னு நெனச்சேன்," என்றார். "தலகாணிய வாயில அழுத்திக்கினு இருமுவேன்."

ஆஸ்பத்திரி வாசலில் படுக்கைக்காக வண்டியிலேயே காத்திருந்தோம். கடைசியில் கிடைத்தது. உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது அவர் திரும்பிப் பார்க்கவில்லை.  வந்துடுவீங்க என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.


18 மே, செவ்வாய்

மாடியில். குளித்தேன், துவைத்தேன், தூங்கினேன். அம்மா படியில் கஞ்சியை வைத்துவிட்டுத் தட்டிவிட்டுப் போகிறாள். பேசவில்லை. ஆனால் கஞ்சியில் கறி போட்டிருக்கிறாள்.

டாக்டரிடம் மறுபடி ஃபோன் வேலையைக் கேட்டேன். "எத்தனை பேர் நம்பர் வேணும்?" என்று மட்டும் கேட்டார்.


20 மே, வியாழன்

"சரியாயிடுமா?" என்று இன்று ஒருவர் கேட்டார். "நாளைக்குக் காலைல மறுபடியும் பேசறேங்க. அதுக்குள்ள மூச்சு வாங்குனா நீங்க கூப்டுங்க" என்றேன். வறண்ட பதில். ஆனால் என்னால் காப்பாற்ற முடிகிற பதில்.

தையலம்மாளுக்கு ஆக்சிஜன் கூடவும் இல்லை, குறையவும் இல்லையாம். ஜெயசுதா தினமும் எனக்குச் சொல்கிறாள். நான் அவளுக்குச் சொல்ல வேண்டியது போய், அவள் எனக்குச் சொல்கிறாள்.


23 மே, ஞாயிறு

அம்மாவுக்கு வீசிங்.

மாடி வரைக்கும் கேட்கிறது அந்த விசில் சத்தம். நான் கீழே இறங்க முடியாது. படியில் நின்றுகொண்டு எந்த டப்பாவில் இன்ஹேலர் இருக்கிறது, எத்தனை முறை, எப்படி உட்காரவைக்க வேண்டும் என்று அத்தாவுக்குக் கத்திக்கொண்டிருந்தேன்.  நான்தான் கொண்டுவந்தேனா? அந்தக் கஞ்சிப் பாத்திரமா? கைப்பிடிச்சுவரா? யா அல்லாஹ், நானா?


25 மே, செவ்வாய்

அம்மா கீழேயிருந்து: "நெகட்டிவ்வாம். பாத்திரத்த நல்லாக் கழுவி வெய்யி, நேத்து எண்ணெ பிசுக்கு அப்டியே இருந்துச்சி."

படியில் உட்கார்ந்து அழுதேன். எனக்கும் நெகட்டிவ். வெறும் வெயில் தூசி வீசிங்தான். வேறு மாதிரி ஆகியிருந்தால்? அப்போதும் போனது சரி என்று சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. அதற்கு விடை கிடைக்காமலே போனதற்கு அல்ஹம்துலில்லாஹ்.

இரவுச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கினேன். அம்மா என் தலையில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "எண்ணெயே வெக்கலயா நீ" என்றாள்.


2 ஜூன், புதன்

'குழந்தைவேல் சேலியமேடு.' திரையில் பெயரைப் பார்த்ததும் எடுத்துவிட்டேன்.

"மாடு எங்க?" என்றது குரல். இளைத்திருந்தது, ஆனால் அதே குரல்.

"அய்யனார் அண்ணன் வூட்ல இருக்கும்மா. எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான். பால கறந்து யாருக்கு ஊத்துனான்னு கேளு அவன." வைத்துவிட்டார்.

நன்றியும் இல்லை, திட்டும் இல்லை. எனக்கு அது போதும். போதும் என்பதைவிட அதிகம்.


19 ஜூன், சனி

இப்போது என் ஃபோன் பட்டியல் குறைந்துவிட்டது. தையலம்மாளுக்கு மருத்துவ ரீதியாக நான் ஃபோன் செய்யத் தேவையில்லை. செய்கிறேன். சில நாள் பேசுகிறார். சில நாள், "இன்னிக்கு வேணாம்" என்கிறார். ஒருநாள் மட்டும், "நீ அன்னிக்கு அவர அனுப்பாம இருந்திருந்தா என் மடியிலயாவது போயிருப்பாரு" என்றார். ஆமாம்மா என்றேன். அது உண்மை. சமாதானம் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. மறுநாளும் ஃபோனை எடுத்தார்.


6 செப்டம்பர், திங்கள்
அரியூர், விடுதி

கல்லூரி திறந்துவிட்டது. சுவேதாவுக்கும் ஜூனில் கொரோனா வந்து போயிருக்கிறது. என்னிடம் சொல்லவேயில்லை. மாடிப்படி ஏறினால் இன்னும் நின்று மூச்சு வாங்குகிறாள். வார்டைப் பற்றி எதுவும் கேட்காதே என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

இன்று துணி மடித்துக்கொண்டே, "இன்னொரு தரம் ஃபார்ம் வந்தா இன்னா போடுவேன்னு எனக்குத் தெரியலடி" என்றாள். யோசிக்காமல் பேருந்தில் ஏறுகிறவள்.

"முடியலன்னா முடியல" என்றேன். அவள் என்னிடம் சொன்னதைவிட மெதுவாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.


1 மே 2022, ஞாயிறு
பாகூர்

குழந்தைவேல் அய்யாவுக்கு முதல் வருடத் திதி. போன வாரமே தையலம்மாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், "ஞாயித்துக்கெழம வந்துடு" என்று. வா என்று கேட்கவில்லை. வந்துடு என்றார்.

அம்மாவிடம் சொன்னபோது, "நானும் வரேன்" என்றாள்.  

நல்ல வெயில். இருவரும் நோன்பு. சேலியமேட்டில் பந்தல் போட்டு, உறவுக்காரர்கள் நிறைய. ஜெயசுதாவை முதல்முறையாக நேரில் பார்த்தேன். குழந்தை நடக்கிறது. என்னைக் கட்டிக்கொண்டு, குழந்தையை என் இடுப்பில் வைத்துவிட்டுப் பரிமாறப் போய்விட்டாள்.

படம் மாட்டியிருந்தார்கள். குரலை மட்டும் கேட்ட மனிதரை அப்போதுதான் பார்த்தேன். பெரிய மீசை. நான் நினைத்திருந்த முகம் வேறு. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

தையலம்மாள் அம்மாவைத்தான் முதலில் விசாரித்தார். "உனக்கு வீசிங்காமே. இவ சொன்னா. இப்ப எப்டி கீது?" அம்மா சொல்ல ஆரம்பித்தாள். அவர் தன் இருமலைச் சொன்னார். இரண்டு பேரும் பந்தல்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் குழந்தையோடு நின்றுகொண்டே இருந்தேன், என்னை இரண்டு பேரும் மறந்துபோனார்கள்.

கிளம்பும்போது தையலம்மாள் உள்ளே போய் ஒரு தூக்குவாளி எடுத்துவந்து அம்மா கையில் கொடுத்தார்.

"நோன்புன்னு தெரியும். பொழுது சாஞ்சி சாப்புடுங்க. படைக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிட்டேன். படைச்சத சாப்புட மாட்டீங்கல்ல."

அம்மா தூக்கை இரண்டு கையாலும் வாங்கினாள்.  

மாலை பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்துக்குப் பிறகு அதைத்தான் திறந்தோம். வடை, முருங்கைக்காய் சாம்பார், வெல்லம் போட்ட பாயசம். அத்தா பாயசத்தை இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டார். அம்மா தூக்கைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, "வெறும் தூக்கத் திருப்பிக் குடுக்கக் கூடாது. பெருநாளுக்கு பிரியாணி வெச்சிக் குடுக்கலாம். அந்தம்மா கறி சாப்புடுவாங்களா, கேளு" என்றாள்.

கேட்டேன்.

"சாப்புடுவேன்," என்றார் தையலம்மாள் ஃபோனில். "காரத்த மட்டும் கம்மியாப் போடச் சொல்லு உங்கம்மாவ."